கண் பிரஷருக்கு கஞ்சா மருந்தா? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

க்ளௌகோமான்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே வீட்டுக்கு வந்து போன்ல தேட ஆரம்பிச்சிடுவோம், தேடுன கொஞ்ச நேரத்துல "அமெரிக்கால இதுக்கு கஞ்சா குடுக்கறாங்க, நம்மகிட்ட மறைக்கறாங்க"ன்னு ஒரு வீடியோ கண்டிப்பா வந்து நிக்கும். அது முழுப் பொய்யும் இல்ல, அதான் சிக்கலே. நான் டாக்டர் இல்ல, தினமும் ராத்திரி சொட்டு மருந்து போட்டுட்டு படுக்கற பேஷன்ட். இந்த விஷயத்த ஒழுங்கா படிச்சுப் பாத்ததுல தெரிஞ்சத கேள்வி பதிலா போட்டிருக்கேன். உங்க கண்ணுக்கு என்ன பண்ணணும்ங்கறத உங்க கண் டாக்டர்தான் சொல்லணும்.

க்ளௌகோமான்னா என்ன? புரைதானே, ஆபரேஷன் பண்ணா சரியாயிடாதா?

இல்லங்க, புரை வேற இது வேற. புரைன்னா கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் மங்கிப் போறது, அத எடுத்துட்டு புது லென்ஸ் வச்சா பார்வை திரும்பிடும். க்ளௌகோமால கெட்டுப் போறது கண்ணுல இருந்து மூளைக்குப் போற நரம்பு. போன நரம்பு போனதுதான், திரும்ப வராது. இருக்கறத காப்பாத்தறதுக்குத்தான் எல்லா வைத்தியமும்.

கண்ணுக்குள்ள எப்பவும் ஒரு தண்ணி ஊறிகிட்டே இருக்கும், அதே அளவுக்கு ஓரத்துல இருக்கற சல்லடை மாதிரி ஒரு வழியா வெளிய போயிட்டே இருக்கும் (அழும்போது வர்ற கண்ணீர் இல்ல இது). மேல் தொட்டில குழாய் திறந்திருக்கு, கீழ போற பைப் அடைச்சுகிச்சுன்னா என்ன ஆகும், அதேதான். பிரஷர் ஏறி நரம்ப அமுக்கும். சாதாரணமா 10ல இருந்து 21 மில்லிமீட்டர் மெர்க்குரி வரைக்கும் இருக்கும்னு சொல்லுவாங்க. ஆனா 16, 17 இருந்தும் நரம்பு கெடறவங்க இருக்காங்க, 24 இருந்தும் ஒண்ணும் ஆகாதவங்களும் இருக்காங்க, அதனால நம்பர மட்டும் பாத்து முடிவு பண்ண முடியாது.

கொடுமை என்னன்னா பெரும்பாலும் வலி இருக்காது. பக்கப் பார்வைதான் முதல்ல போகும், நேரா பாக்கறது கடைசி வரைக்கும் நல்லா தெரியும். சென்னைலயும் சுத்தி இருக்கற கிராமங்கள்லயும் சங்கர நேத்ராலயா பண்ண சென்னை க்ளௌகோமா ஸ்டடில, நோய் இருந்தவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல தனக்கு அது இருக்குன்னே தெரியாமத்தான் இருந்திருக்காங்க.

கஞ்சா கண் பிரஷர குறைக்கும்ங்கறது நிஜமா, இல்ல யாரோ கிளப்பி விட்டதா?

நிஜம். 1971ல லாஸ் ஏஞ்சலிஸ் யுசிஎல்ஏ யுனிவர்சிட்டில ஹெப்ளர், ஃபிராங்க்னு ரெண்டு பேர், நல்ல கண்ணு இருக்கற வாலண்டியர்ஸுக்கு கஞ்சா புகைக்க குடுத்து பிரஷர அளந்து பாத்தாங்க. நிறைய பேருக்கு கால் பங்கு போல இறங்கியிருந்துச்சு. கஞ்சா அடிச்சா கண் பாப்பா விரியுமா, அத வச்சு ஆள பிடிக்கலாமான்னு போலீஸுக்கு தெரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சு, அதுல ஆரம்பிச்ச ஆராய்ச்சின்னு ஒரு கதை உண்டு. பாப்பா விரியல, கொஞ்சம் சுருங்குச்சு, கூடவே பிரஷர் இறங்கறதும் தெரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் வேற வேற இடத்துல பண்ண சோதனைலயும் இதேதான் வந்துச்சு. புகைச்சாலும், மாத்திரையா போட்டாலும், ஊசில ஏத்தினாலும் சுமார் 60, 65 சதவீதம் பேருக்கு பிரஷர் 25 சதவீதம் வாக்குல குறையுது.

அதனால "அதெல்லாம் சும்மா கப்ஸா"ன்னு யாராவது சொன்னா அவங்களும் படிக்காமத்தான் சொல்றாங்க.

அது எப்படி குறைக்குது?

கஞ்சால போதை ஏத்தற பொருள் டிஎச்சி. அது போய் ஒட்டிக்கற ரிசெப்டர் மூளைல மட்டும் இல்ல, கண்ணுக்குள்ள தண்ணி ஊறற இடத்துலயும் வெளிய போற சல்லடைலயும் இருக்கு. அதனால ஊறறது கொஞ்சம் குறையுது, வெளிய போறது கொஞ்சம் கூடுது. கஞ்சா அடிச்சவங்களுக்கு கண்ணு சிவக்கறது தனி சமாச்சாரம், அது ரத்தக் குழாய் விரியறதால.

குறைக்குதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் ஏன் எந்த கண் டாக்டரும் எழுதிக் குடுக்க மாட்டேங்கறாங்க?

நேரம்தான் காரணம். அந்த இறக்கம் 3 மணி நேரம், மிஞ்சிப் போனா 4 மணி நேரம். அதுக்கப்புறம் பிரஷர் பழைய இடத்துக்கே போயிடும். க்ளௌகோமால நரம்ப காப்பாத்தணும்னா நாள் பூரா, ராத்திரி பூரா பிரஷர் கட்டுக்குள்ள இருக்கணும், அதுவும் நிறைய பேருக்கு படுத்திருக்கும்போது, விடியக்காலைலதான் பிரஷர் அதிகமா இருக்கும். இப்ப கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு 6ல இருந்து 8 தடவ புகைக்கணும். காலைல 6 மணிக்கு ஒண்ணு, 9 மணிக்கு ஆபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு, மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, அப்புறம் சாயங்காலம், அப்புறம் ராத்திரி, அதுக்கப்புறமும் நடுராத்திரி 1 மணிக்கு அலாரம் வச்சு எழுந்து ஒண்ணு, 4 மணிக்கு இன்னொண்ணு. இப்படி ஒரு வாரம் இல்ல, ஒரு மாசம் இல்ல, சாகற வரைக்கும்.

இப்படி இருக்கறவங்க வண்டி ஓட்ட முடியுமா, கணக்கு வழக்கு பாக்க முடியுமா, 70 வயசு பாட்டி பாத்ரூமுக்கு எழுந்து போனா விழாம வருவாங்களா? க்ளௌகோமா பெரும்பாலும் 40க்கு மேல, வயசானவங்களுக்கு வர்ற நோய்ங்கறத மறந்துட்டுத்தான் அந்த வீடியோக்காரங்க பேசறாங்க. புகையா இழுத்தா நுரையீரல் கதை வேற. நாள்பட நாள்பட உடம்பு பழகிப் போய் அதே அளவுல வேலை செய்யாமலும் போகும்.

ரத்த ஓட்டத்த பத்தி ஏதோ சொல்றாங்களே, அது என்ன?

இது முக்கியமான பாயிண்ட், வீடியோல வராது. கஞ்சா கண் பிரஷரோட சேத்து உடம்போட பிளட் பிரஷரையும் இறக்கலாம். கண் நரம்புக்கு ரத்தம் போய்ச் சேரணும்னா ரத்தத்தோட அழுத்தம் கண்ணோட அழுத்தத்த தாண்டி தள்ளணும். ரெண்டும் சேந்து இறங்கிட்டா நரம்புக்கு கிடைக்க வேண்டிய ரத்தமே குறையும். அதாவது மீட்டர்ல நம்பர் நல்லா இருக்கும், நரம்பு பட்டினி கிடக்கும். ஏற்கனவே பிபி மாத்திரை போடறவங்களும், பிரஷர் நார்மலா இருந்தும் நரம்பு கெடற வகை க்ளௌகோமா இருக்கறவங்களும் இதுல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்.

அமெரிக்கா கவர்மென்ட்டே ஒரு க்ளௌகோமா பேஷன்ட்டுக்கு கஞ்சா சப்ளை பண்ணுச்சாமே, உண்மையா?

உண்மைதான், நல்ல கதையும் கூட. ராபர்ட் ராண்டால்னு ஒருத்தர், வாஷிங்டன்ல இருந்தவர், இருபதுகள்லயே கடுமையான க்ளௌகோமா, கொஞ்ச வருஷத்துல பார்வை போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கண் பிரஷர் ஏறும்போது தெரு லைட்ட சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரியும். ஒரு நாள் ராத்திரி கஞ்சா அடிச்சுட்டு பாக்கறப்ப அந்த வளையம் இல்ல. அதுல இருந்து வீட்டுலயே செடி வளத்து புகைக்க ஆரம்பிச்சாரு, 1975ல போலீஸ் செடிய பாத்துட்டு கேஸ் போட்டுடுச்சு.

அவர் என்ன பண்ணாருன்னா, தப்பு பண்ணிட்டேன் மன்னிச்சிடுங்கன்னு சொல்லல. கண்ண காப்பாத்திக்க எனக்கு வேற வழி இல்லன்னு வாதாடினாரு. மேல சொன்ன யுசிஎல்ஏ ஹெப்ளர்கிட்டயே போய் டெஸ்ட் பண்ணி, அப்ப இருந்த மருந்து தனக்கு போதல, கஞ்சாவும் சேந்தா பிரஷர் இறங்குதுன்னு காமிச்சாரு. 1976ல நீதிபதி ஜேம்ஸ் வாஷிங்டன் அத ஏத்துகிட்டு விடுதலை பண்ணிட்டாரு. கவர்மென்ட்டுக்கு மிசிசிப்பி யுனிவர்சிட்டில ஆராய்ச்சிக்குன்னு சொந்தமா ஒரு கஞ்சா தோட்டம் இருந்துச்சு, அதுல விளைஞ்சத சுருட்டி அவருக்கு குடுக்க ஆரம்பிச்சாங்க. நடுவுல நிறுத்தப் பாத்தாங்க, 1978ல அவர் மறுபடி கோர்ட்டுக்கு போயி வாங்கினாரு. அதுல இருந்துதான் இந்த மாதிரி ஒரு சில பேஷன்ட்டுங்களுக்கு மத்திய அரசே கஞ்சா குடுக்கற திட்டம் வந்துச்சு. வட்ட தகர டப்பாவுல 300 சிகரெட், மேல லேபிள், மருந்து மாதிரியே வரும். ஃபுளோரிடால எல்வி முசிக்கான்னு ஒரு அம்மா, அவங்களுக்கும் க்ளௌகோமா, 1988ல இதே மாதிரி செடி வளத்து மாட்டி, கேஸ்ல ஜெயிச்சு அந்த திட்டத்துல சேந்தாங்க.

1992ல புதுசா யாரையும் சேக்கறதில்லன்னு கதவ சாத்திட்டாங்க, ஏற்கனவே இருந்தவங்களுக்கு மட்டும் குடுத்துட்டு வந்தாங்க. ராண்டால் 2001ல இறந்துட்டாரு, எய்ட்ஸ் காரணமா. அது வரைக்கும் அவருக்கு பார்வை இருந்துச்சு.

அப்ப அவருக்கு வேலை செஞ்சிருக்கே, எங்க அப்பாவுக்கு ஏன் செய்யாது?

ராண்டால் கேஸ் நடந்த வருஷத்த பாருங்க. அப்ப க்ளௌகோமாவுக்கு இருந்த மருந்து ரொம்ப கம்மி. பைலோகார்பின்னு ஒரு சொட்டு, ஒரு நாளைக்கு நாலு தடவ போடணும், போட்டா புருவம் வலிக்கும், கண் பாப்பா சுருங்கி சாயங்காலம் ஆனா இருட்டு கட்டும். அசிட்டசோலமைடு மாத்திரை, அதுல கை கால் மரத்துப் போகும், சாப்பாடு ருசிக்காது. இந்த நிலைமைல 26, 27 வயசு ஆளு வேற என்னதான் பண்ணுவாரு, நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன். டிமோலால் சொட்டு மருந்து அமெரிக்கால 1978லதான் வருது. லட்டனோபிராஸ்ட் 1996ல. இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு சொட்டு லட்டனோபிராஸ்ட் போட்டா 24 மணி நேரத்துக்கு, கஞ்சா 3 மணி நேரத்துக்கு இறக்கற அளவுக்கோ அதுக்கு மேலயோ இறக்கி வைக்குது, போதையும் இல்ல.

இன்னொண்ணு. எல்லா மருந்தும் கைவிட்ட நிலைமைல இருந்த 9 பேருக்கு டிஎச்சி குடுத்து பாத்த ஒரு ஆராய்ச்சி 2002ல வெளியாச்சு. ஆரம்பத்துல எல்லாருக்கும் பிரஷர் இறங்குச்சு. ஆனா 9 மாசத்துக்குள்ள ஒருத்தர் விடாம எல்லாருமே நிறுத்திட்டாங்க, சிலருக்கு மருந்து கேக்காம போச்சு, சிலருக்கு மயக்கமும் குழப்பமும் தாங்கல. நிறுத்தினவங்க யாரும் கஞ்சாவுக்கு எதிரி இல்ல, பார்வை போகப் போகுதுன்னு ஆசையா வந்து சேந்தவங்க.

புகைக்க வேண்டாம், சிபிடி ஆயில் எடுத்துக்கலாமா? அதுல போதை இல்லையாமே?

சிபிடின்னா கஞ்சாச் செடில இருக்கற இன்னொரு பொருள். போதை இல்லதான், ஆனா க்ளௌகோமாவுக்கு அதுல பலனும் இல்ல. பிரஷர இறக்கற வேலைய பண்றது டிஎச்சி. சிபிடி அத பண்ணல, எதிர் பக்கம் போகறதுக்கு வாய்ப்பு இருக்கு. 2006ல ஆறு பேஷன்ட்ட வச்சு பண்ண ஒரு சின்ன சோதனைல நாக்குக்கு அடில 40 மில்லிகிராம் சிபிடி வச்சப்ப கொஞ்ச நேரத்துக்கு பிரஷர் ஏறுச்சு. 2018ல இண்டியானா யுனிவர்சிட்டில எலி கண்ணுல சொட்டா விட்டு பாத்தாங்க, 18 சதவீதம் ஏறி, 4 மணி நேரமாவது அப்படியே நின்னுச்சு. டிஎச்சியோட சிபிடிய கலந்தா டிஎச்சி பண்ற நல்ல வேலையையும் அது கெடுக்குதுன்னு அதே ஆராய்ச்சில பாத்தாங்க. எலிய வச்சு மனுஷனுக்கு அப்படியே சொல்லிட முடியாது, சரி. ஆனா கண் பிரஷர் இருக்கறவங்க "இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது"ன்னு சிபிடி ஆயில் குடிக்கறத பாத்தா எனக்கு பதறுது. சிபிடிக்கு மருந்துன்னு ஒரு இடம் இருக்கு, சில கடுமையான வலிப்பு நோய்க்கு 2018லயே அமெரிக்கால அனுமதி குடுத்தாச்சு. கண்ணுக்கு இல்ல.

அப்ப கஞ்சாவையே சொட்டு மருந்தா பண்ணி கண்ணுல மட்டும் விட்டா?

எல்லாருக்கும் தோணற ஐடியாதான், 50 வருஷமா முயற்சி பண்றாங்க. டிஎச்சி எண்ணெய்ல கரையும், தண்ணில கரையாது. கண்ணோட மேல் பரப்பு ஈரமா இருக்கறதால உள்ள போகாம மேலயே நின்னு எரிச்சல குடுக்கும். அத வேற வடிவத்துல மாத்தி உள்ள அனுப்ப முடியுமான்னு மிசிசிப்பி யுனிவர்சிட்டி மாதிரி இடங்கள்ல பாத்துகிட்டு இருக்காங்க.

இந்த விஷயத்துல ஜமைக்காவ சொல்லியே ஆகணும். அங்க மீனவங்க கஞ்சாவ ரம்முல ஊறப் போட்டு குடிச்சா ராத்திரி கடல்ல கண்ணு நல்லா தெரியுதுன்னு சொல்லுவாங்க. அத கேட்டுட்டு சும்மா போகாம மேன்லி வெஸ்ட்ங்கற மருந்தியல் பேராசிரியரும் ஆல்பர்ட் லாக்ஹார்ட்ங்கற கண் டாக்டரும் சேந்து ஆராய்ச்சி பண்ணி, கஞ்சாச் செடில இருந்து போதை இல்லாத கேனசோல்னு ஒரு சொட்டு மருந்து கொண்டு வந்தாங்க, 1987ல அது ஜமைக்கால விற்பனைக்கு வந்துச்சு. அங்க "கஞ்சா"ங்கற பேரே இந்தியால இருந்து கரும்புத் தோட்டத்துக்கு கூலியா போன ஜனங்க மூலமா போனதுதான். ஆனா அந்த மருந்து உலகம் பூரா பரவல, நம்ம மெடிக்கல் ஷாப்ல கேட்டா கிடைக்காது.

மாத்திரை, கஞ்சா போட்ட பிஸ்கட், அதெல்லாம்?

அதே கதைதான். அமெரிக்கன் கண் டாக்டர்கள் சங்கம் சொல்ற கணக்குப்படி ஒரு நாளைக்கு 6, 8 தடவ, ஒவ்வொரு தடவையும் 18ல இருந்து 20 மில்லிகிராம் டிஎச்சி எடுக்கணும். பழக்கம் இல்லாதவங்களுக்கு அதுல ஒரு தடவையே தூக்கி அடிச்சிடும்.

கலிஃபோர்னியா சட்டத்துலயே க்ளௌகோமான்னு பேர் போட்டு அனுமதி குடுத்திருக்காங்களே?

ஆமா, 1996ல ஓட்டெடுப்பு வச்சு கொண்டு வந்த சட்டத்துல புற்றுநோய், எய்ட்ஸோட சேத்து க்ளௌகோமாவும் இருக்கு, அதுக்கப்புறம் நிறைய மாநிலங்கள் அந்த லிஸ்ட்ட எடுத்து போட்டுகிச்சு. ராண்டால் கேஸ் அவ்வளவு பிரபலம், அதனால பேர் ஒட்டிகிச்சு. சட்டத்துல அனுமதி இருக்குன்னா போலீஸ் பிடிக்காதுன்னு அர்த்தம், வைத்தியம் நல்லா வேலை செய்யும்னு அர்த்தம் இல்ல. அதே அமெரிக்கால கண் டாக்டர்கள் சங்கமும் க்ளௌகோமா சங்கமும் இத பரிந்துரைக்கல, கனடா கண் டாக்டர்கள் சங்கமும் பரிந்துரைக்கல. கனடால கஞ்சா கடைல வாங்கலாம், மறைக்க வேண்டிய அவசியமே இல்ல, அப்பவும் வேண்டாம்ங்கறாங்கன்னா யோசிங்க.

சித்தப்பா பையன் டொரன்டோல இருக்கான், ஆயில் அனுப்பறேன்னு சொல்றான். வாங்கிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். இந்தியால 1985ல வந்த போதைப் பொருள் சட்டம் கஞ்சாவ வச்சிருக்கறதையே குத்தம்னு சொல்லுது, வெளிநாட்டுல இருந்து பார்சல்ல வரவழைக்கறது அதுக்கும் மேல. கண்ணுக்கு மருந்துன்னு சொன்னா கஸ்டம்ஸ்ல விட மாட்டாங்க. ஆன்லைன்ல "விஜயா"ங்கற பேர்ல ஆயுர்வேத லைசென்ஸோட விக்கற ஆயில் இருக்கு, அது கஞ்சா இலைல இருந்து எடுக்கறது. சட்டப்படி இலை வேற, பூ நுனி வேறன்னு பிரிச்சு வச்சிருக்கறதால அது நடக்குது. க்ளௌகோமாவுக்கு அது வேலை செய்யும்னு சொல்றதுக்கு எந்த ஆதாரமும் இல்ல.

சிங்கப்பூர், மலேசியால சொந்தக்காரங்க இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: பெட்டில வச்சு எடுத்துட்டு போகற எண்ணம் கூட வரக்கூடாது. சிங்கப்பூர்ல 500 கிராமுக்கு மேல கடத்தினா தூக்கு.

சரி, இன்னைக்கு இருக்கற வைத்தியம் என்னென்ன?

முதல்ல சொட்டு மருந்து. லட்டனோபிராஸ்ட், பைமாட்டோபிராஸ்ட் வகை ஒரு நாளைக்கு ஒரு தடவ, கண் இமை முடி நீளமா வளரும், கண்ண சுத்தி கொஞ்சம் கருக்கும். டிமோலால் விலை கம்மி, ஆனா ஆஸ்துமா இருந்தா போடக்கூடாது, டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும். பிரிமோனிடின், டார்சோலமைடுன்னு இன்னும் இருக்கு. ஒண்ணு ஒத்துக்கலன்னா மாத்திக் குடுப்பாங்க, எரியுதுன்னு நாமளா நிறுத்தறதுதான் பெரிய தப்பு.

அடுத்தது லேசர். எஸ்எல்டின்னு சொல்லுவாங்க, உக்காந்த இடத்துல சில நிமிஷம், வலியும் பெருசா இல்ல. இங்கிலாந்துல பண்ணி 2019ல வந்த ஆராய்ச்சில, முதல்லயே லேசர் பண்ணிகிட்டவங்கள்ல நாலுல மூணு பேர் 3 வருஷம் சொட்டு மருந்தே இல்லாம சமாளிச்சிருக்காங்க. தினமும் மருந்து போட மறக்கறவங்க இத பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. அதுக்கும் மேலன்னா ஆபரேஷன், இல்லன்னா தண்ணி வடிய சின்னக் குழாய் வைக்கறது. மதுரைல அரவிந்தோட ஆரோலேப் அந்த மாதிரி குழாய இங்கயே செஞ்சு கம்மி விலைல குடுக்கறாங்க.

ஸ்வீடன்ல நடந்த பெரிய ஆராய்ச்சில, பிரஷர் ஒரு பாயிண்ட் குறைஞ்சா நோய் முத்தறதுக்கான வாய்ப்பு 10 சதவீதம் போல குறையுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதனால 18ல இருந்து 16 ஆனதுக்கு டாக்டர் சந்தோஷப்பட்டா "ரெண்டுதானே"ன்னு நினைக்காதீங்க.

சொட்டு மருந்து போட்டும் பிரஷர் குறையல, மருந்து வேலை செய்யலன்னு அர்த்தமா?

முதல்ல கண்ணுக்குள்ள விழுதான்னு பாருங்க. நிறைய பேருக்கு பாதி கன்னத்துலதான் ஓடுது. கீழ் இமைய விரலால இழுத்து ஒரு பை மாதிரி பண்ணிகிட்டு, பாட்டில் நுனி கண்ணுல படாம ஒரு சொட்டு விடணும். விட்டதும் கண்ண சிமிட்டாம மெதுவா மூடி, மூக்குப் பக்கம் இருக்கற கண் ஓரத்த ரெண்டு நிமிஷம் விரலால அழுத்திப் பிடிக்கணும், இல்லன்னா மருந்து அங்க இருக்கற கண்ணீர் ஓட்டை வழியா தொண்டைக்கு போயிடும், கசக்கும். ரெண்டு மருந்து இருந்தா நடுவுல 5 நிமிஷம் விடணும். லட்டனோபிராஸ்ட் பாட்டில பிரிக்கற வரைக்கும் பெரும்பாலும் பிரிட்ஜ்ல வைக்கச் சொல்லுவாங்க, லேபிள பாருங்க. அலர்ஜிக்கு வாங்கின ஸ்டீராய்டு சொட்டு ஏதாவது வீட்டுல இருந்து அத நீங்களா போட்டுகிட்டு இருந்தீங்கன்னா அதுவே பிரஷர ஏத்தும், அதையும் டாக்டர்கிட்ட காமிங்க.

எனக்கு ஏற்கனவே கஞ்சா பழக்கம் இருக்கு. கண் டாக்டர்கிட்ட சொல்லணுமா? போலீஸுக்கு சொல்லிடுவாங்களா?

சொல்லுங்க. திட்டு வேணா விழும், டாக்டர் உங்கள பிடிச்சுக் குடுக்கறதுக்கு உக்காரல. சொல்லாம விட்டா என்ன ஆகும்னா, புகைச்சுட்டு ரெண்டு மணி நேரத்துல போய் மெஷின்ல தாடைய வச்சீங்கன்னா, அந்த நீல லைட் வந்து அளக்கும்போது உங்க பிரஷர் நிஜத்த விட கம்மியா காமிக்கும். டாக்டர் "பரவால்ல, கன்ட்ரோல்ல இருக்கு, ஆறு மாசம் கழிச்சு வாங்க"ன்னு அனுப்பிடுவாரு, மீதி 21 மணி நேரம் பிரஷர் ஏறிதான் இருக்கும். பக்கப் பார்வைய அளக்கற ஃபீல்ட் டெஸ்ட்லயும் இதே பிரச்சனைதான், புள்ளி தெரியும்போது பட்டன அமுக்கணும், மந்தமா இருந்தா அமுக்க மாட்டீங்க, இல்லாத ஓட்டை எல்லாம் ரிப்போர்ட்ல வரும். கண் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்கறதா இருந்தா அந்த டாக்டர்கிட்டயும் எவ்வளவு, எப்ப கடைசியா எடுத்தீங்கன்னு சொல்லியே ஆகணும்.